சிலேடையும் சாக்கடையும்

மனிதன் சிரிக்கும் பொருள்களுள் மிகப் பழமையானதும், மிகக் கீழானதென்று எண்ணப்படுவதுமான ஒன்று உண்டு. அது கழிப்பறை. அரசனாயினும் ஆண்டியாயினும் நாள்தோறும் அங்கே சென்றே தீரவேண்டும். ஆனால், சென்று வந்ததைப் பலர் நடுவே பேசலாகாது. எல்லோரும் செய்வதை ஒருவரும் சொல்லாதிருக்கும் இந்த முரண்பாடே சிரிப்புக்கு வித்து. ஆயினும் வித்து மட்டும் இருந்தால் போதாது. அப்பொருளைப் பெயர் சொல்லி அப்படியே கூறினால் கேட்பவர் முகம் சுளிப்பார். ஒரு சொல்லின் மடிப்புக்குள் ஒளித்து வைத்துக் கூறினால் முதலில் விழிப்பார். அடுத்த கணம் வாய்விட்டுச் சிரிப்பார். முகச் சுளிப்பைச் சிரிப்பாக மாற்றும் இந்த வித்தையைச் செய்வது சிலேடை. அது எவ்வாறு இவ்வித்தையைச் செய்கிறது, கேலிச்சித்திரத்தோடு கைகோத்துக்கொண்டு வரலாற்றில் என்னென்ன வேலை செய்திருக்கிறது என்பவற்றை இங்கிலாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் வரலாற்றிலிருந்து சான்று காட்டிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் இலக்கணத்திலிருந்து இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம். அவையில் சொல்லத் தகாத ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுவதை இடக்கரடக்கல் என்று நன்னூலார் வகுத்தார். ‘கால் கழுவி வந்தேன்’ என்பது மாணவர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஆங்கிலேயரும் ‘ஒரு பென்னி செலவழித்து வருகிறேன்’ என்று சொல்லுவதுண்டு. காசு போட்டால் திறக்கும் பொதுக் கழிப்பறைகளிலிருந்து வந்த வழக்கு அது. மற்றோர் அளவுகோல் சிலேடை. ஒரு சொல் பிரியாமல் நின்றே இரு பொருள் தந்தால் அது செம்மொழிச் சிலேடை. பிரித்துப் பார்க்கும்போது மற்றொரு பொருள் தந்தால் அது பிரிமொழிச் சிலேடை. இவை தண்டியலங்காரம் கற்றவர்க்குத் தெரிந்தவையே.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவை உற்று நோக்கினால் நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து. இடக்கரடக்கல் ஒரு திரை. அதைக் கட்டியவன், திரைக்குப் பின்னே இருப்பதை நாம் நினைக்க வேண்டாம் என்று விரும்புகிறான். சிலேடையும் அதே துணியில் நெய்த திரைதான். ஆனால், அதைக் கட்டியவன் திரையின் ஓரத்தைச் சற்றே தூக்கி வைத்துவிட்டு, ‘நான் ஒன்றும் காட்டவில்லையே’ என்று நிற்கிறான். எட்டிப் பார்ப்பவர் நாம். தகாத பொருளை அவன் சொல்லவில்லை; நம் உள்ளமே அதைக் கண்டுபிடித்தது. குற்றத்தில் பாதி நம்முடையதாகிவிட்டபின் அவனை எப்படிக் கடிந்துகொள்வது? சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு வரலாற்றில் கிடைக்கும் மிக அழகிய சான்று 1596-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு ஞானப்பிள்ளையாக இருந்தவர் சர் ஜான் ஹாரிங்டன். இத்தாலியக் கவிஞர் அரியோஸ்டோவின் பெருங்காப்பியத்தை 1591-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த புலவர் அவர். பாத் நகருக்கு அருகே கெல்ஸ்டன் என்னும் ஊரில் இருந்த தம் மாளிகையில், தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பறை ஒன்றை அவர் அமைத்தார். மேலே ஒரு நீர்த்தொட்டி. கீழே ஒரு கலம். அதன் அடியில் ஒரு மூடி. மூடியைத் திறந்து நீரை விட்டால் கழிவு அனைத்தும் அடித்துச் செல்லப்படும். மக்கள் உடல்நலத்துக்குப் பயன்படும் இக்கருவியை உலகுக்கு அறிவிக்க வேண்டும்; ஆனால், அரசவைப் பெருமக்கள் நடுவே இதை எப்படிப் பேசுவது?

ஹாரிங்டன் சிலேடையின் துணையை நாடினார். தம் நூலுக்கு ‘ஏஜாக்ஸின் உருமாற்றம்’ என்று பெயரிட்டார். ஏஜாக்ஸ் என்பவன் திராய் நகரப் போரில் பெயர் பெற்ற கிரேக்க மாவீரன். அக்கால ஆங்கிலத்தில் கழிப்பறைக்கு ‘ஜேக்ஸ்’ என்று ஒரு பெயர் வழங்கிற்று. ‘ஏ ஜேக்ஸ்’ என்றால் ‘ஒரு கழிப்பறை’. வீரனின் பெயரும் அக்கால உச்சரிப்பில் ஏறத்தாழ அவ்வாறே ஒலித்தது. சேர்த்துப் படித்தால் மாவீரன். பிரித்துப் படித்தால் கழிப்பறை. பிரிமொழிச் சிலேடைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? இதே சிலேடையை ஷேக்ஸ்பியரும் தம் நாடகம் ஒன்றில் ஆண்டிருக்கிறார். ஹாரிங்டன் அத்துடன் நிற்கவில்லை. தலைப்பின் மற்றொரு பகுதியில் ‘பழகிப்போன பொருளைப் பற்றிய புதிய உரை’ என்று எழுதினார். ‘பழகிப்போன’ என்பதற்கு அவர் ஆண்ட ‘ஸ்டேல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் குதிரையின் சிறுநீர் என்ற பொருளும் உண்டு!

அந்நூலில் கருவியின் படமும் உண்டு. மேல்தொட்டியில் மீன்கள் நீந்துவதாக அப்படத்தில் வரைந்திருக்கிறார்கள். தொட்டியில் இருப்பது தண்ணீர் என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு மீன்களை நீந்தவிடுவதைக் காட்டிலும் எளிய வழி எது? பார்ப்பவரோ, கழிப்பறைக்கு மேலே மீன் வளர்க்கும் மனிதரை எண்ணிச் சிரித்துக்கொள்வார். சிரித்துக்கொண்டே தொட்டி, குழாய், மூடி ஆகியவற்றின் அமைப்பையும் அறிந்துகொள்வார்.

இச்சிலேடை ஏன் சிரிப்பூட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிலேடையின் இரு பொருள்களும் அருகருகே இருந்தால் சிரிப்பு பிறப்பதில்லை. ஒன்று மலையுச்சியிலும் மற்றொன்று மடுவிலும் இருக்க வேண்டும். காப்பியத் தலைவனின் பெயர் காதில் விழும்போது உள்ளம் உயரே செல்கிறது. மறுகணம் அதே ஒலி அதைக் கழிப்பறையின் வாயிலில் இறக்கிவிடுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோமோ அவ்வளவு சிரிப்பு. நகை பிறப்பதற்கு உரிய நான்கு காரணங்களுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைத்தது நினைவுக்கு வருகிறது. உயர்ந்ததைத் தாழ்ந்ததோடு ஒரே ஒலியில் கட்டிவிடுவது எள்ளலின் தலைசிறந்த உத்தி.

நூல் ஹாரிங்டனுக்குப் பெயரும் தந்தது, தொல்லையும் தந்தது. சில காலம் அவர் அரசவையிலிருந்து விலகியிருக்க நேர்ந்தது. கழிப்பறையைப் பற்றி எழுதியதற்காக அரசி சினம் கொள்ளவில்லை. லெஸ்டர் பிரபுவைக் குத்துவதாக அந்நூலில் மறைமொழிகள் இருந்தன. அவையே சினத்தை மூட்டின. உடற்கழிவைப் பேசுவது போலத் தொடங்கி ஆட்சியாளரைப் பேசிவிடும் வழக்கம் அன்றே இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ரிச்மண்ட் அரண்மனையில் அரசிக்கே அத்தகைய கழிப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. ஆயினும் நாட்டில் அது பரவவில்லை. 1775-இல் அலெக்சாண்டர் கமிங் என்பவர் வளைந்த குழாயுடன் கூடிய நீர்க்கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே இக்கருவிக்கு மறுவாழ்வு கிட்டியது.

அடுத்து, இருநூறு ஆண்டுகளைக் கடந்து லண்டனின் அச்சுப்படக் கடைகளுக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வண்ணம் தீட்டிய கேலிச்சித்திரங்களைக் கடைகளின் கண்ணாடிச் சன்னல்களில் தொங்கவிடுவார்கள். அவற்றைக் காணத் தெருவில் கூட்டம் கூடும். அக்கலையின் தலைவர் ஜேம்ஸ் கில்ரே. இங்கிலாந்தும் பிரான்சும் போரில் ஈடுபட்டிருந்த 1793-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் ஒரு படம் வெளியிட்டார். இங்கிலாந்தின் நிலப்படமே ஒரு மனிதனின் உடலாக வரையப்பட்டிருக்கிறது. அந்த உடலுக்கு உரியவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். தெற்குக் கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகம் இருக்கும் இடத்திலிருந்து, அவர் பிரான்சின் கரையை நோக்கி மலம் கழிக்கிறார். அது அங்கே உள்ள படகுக் கூட்டத்தின் மீது விழுகிறது.

படத்தின் தலைப்பு, ‘பிரெஞ்சுப் படையெடுப்பு, அல்லது ஜான் புல் பம்போட்டுகள் மீது குண்டு பொழிதல்’ என்ற பொருள்பட அமைந்தது. ஜான் புல் என்பது ஆங்கிலேயர் இனத்துக்கே இட்ட வேடிக்கைப் பெயர். பம்போட் என்பது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி முதலிய பண்டங்களைக் கொண்டுபோய் விற்கும் சிறு படகு. ‘பம்’ என்பதோ கொச்சை ஆங்கிலத்தில் மனிதனின் பின்புறம்! படகைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே, குண்டு எங்கிருந்து வருகிறது என்பதும் அடங்கிவிட்டது. இதில் இன்னொரு சுவையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பம்போட் என்ற சொல், தேம்சு ஆற்றில் கப்பல்களின் கழிவை அள்ளிச் செல்லும் குப்பைப் படகைக் குறித்தது. சொல் பிற்காலத்தில் கறிகாய் சுமந்தது. கில்ரே அதன் பழைய சுமையை மீண்டும் ஏற்றிவிட்டார்.

சொல்லும் படமும் தம்முள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தை இப்படத்தில் தெளிவாகக் காணலாம். தலைப்பை மட்டும் படித்தால் அது போர்ச் செய்தி. படத்தை மட்டும் பார்த்தால் அது அருவருப்பு. இரண்டையும் ஒருசேரக் காணும்போதுதான் சிலேடை முடிச்சவிழ்ந்து சிரிப்பு வெளிப்படுகிறது. அரசியலிலும் இப்படம் இரட்டைப் பொருள் உடையது. எதிரியின் கரையில் அசுத்தத்தைப் பொழிவதால் இது நாட்டுப்பற்று. தம் மன்னரையே இந்த நிலையில் காட்டுவதால் இது மன்னர் நிந்தனை. பார்ப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கில்ரே இப்படத்தில் தம் பெயரைப் போடாமல் வேறொரு பெயரைப் பொறித்தார் என்பதும் கருதத்தக்கது.

திரை இல்லாமற் போனால் என்ன நேரும்? இதற்கு விடை பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. 1830-ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாக அரியணை ஏறிய லூயி பிலிப் மன்னர், பத்திரிகைச் சுதந்திரத்தைக் காப்பதாக உறுதி கூறியிருந்தார். மறு ஆண்டிலேயே சார்ல் பிலிப்போன் என்னும் பத்திரிகையாளர் மன்னரை இழிவுபடுத்தியதாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் அங்கேயே ஒரு தாளை எடுத்து நான்கு முகங்களை வரைந்தார். முதல் முகம் மன்னருடையது. இரண்டாவது சற்றே மாறியது. மூன்றாவது மேலும் மாறியது. நான்காவது வெறும் பேரிக்காய். ‘சாயல் இருப்பது குற்றமானால் எந்த இடத்தில் குற்றம் தொடங்குகிறது? பேரிக்காய்கள் எல்லாவற்றையும் சிறையில் அடைப்பீர்களா?’ என்பது அவர் வாதத்தின் சாரம். இதைச் சித்திரச் சிலேடை என்றே சொல்லலாம். ஒரே உருவம் மன்னரையும் குறித்தது, காயையும் குறித்தது. நீதிபதிகள் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆறு மாதச் சிறையும் இரண்டாயிரம் பிராங்கு அபராதமும் விதித்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஒனோரே டோமியர் என்னும் இளம் ஓவியர் ‘கர்கந்துவா’ என்று ஒரு படம் வரைந்தார். கர்கந்துவா என்பது ரபலே என்னும் பழைய பிரெஞ்சு ஆசிரியர் படைத்த பெருந்தீனி அரக்கனின் பெயர். படத்தில் மன்னர் அரக்க வடிவில் மலத்துவார நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ஏழைகள் தங்கள் காசைக் கூடைகளில் சுமந்து ஒரு நீண்ட பலகை வழியே ஏறி அவர் வாயில் கொட்டுகிறார்கள். நாற்காலிக்குக் கீழே பதவிகளும் பட்டங்களும் விழுகின்றன. அவற்றை ஆவலோடு அள்ள ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இங்கே தலைப்பு மன்னரின் பெயரைச் சொல்லவில்லை என்பதைத் தவிர, மறைப்பு ஏதும் இல்லை. டோமியருக்கும் ஆறு மாதச் சிறை; 500 பிராங்கு அபராதம். படம் வரைந்த அச்சுக்கல்லை அழிக்குமாறு உத்தரவாயிற்று.

இருவருமே சிறை சென்றார்களே, சிலேடையால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிலேடை அதைச் சொன்னவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அச்சுக்கல்லை அரசு அழிக்கலாம். பேரிக்காயை எப்படி அழிப்பது? பாரிஸ் நகரச் சுவர்களில் எல்லாம் சிறுவர்கள் கரியினால் பேரிக்காயை வரையத் தொடங்கினார்கள். இரண்டு கோடு இழுக்கத் தெரிந்தவனுக்கு மன்னரைக் கேலி செய்யத் தெரிந்துவிட்டது. பிடித்தால் ‘காயைத்தானே வரைந்தேன்’ என்றும் சொல்லத் தெரிந்துவிட்டது. இறுதியில் 1835-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேலிச்சித்திரங்களுக்கு முன் தணிக்கை விதித்துச் சட்டம் செய்யும்படி ஆயிற்று.

மீண்டும் லண்டனுக்கு வருவோம். 1841-இல் அங்கே ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை வார இதழ் தோன்றியது. இன்று நாம் கேலிச்சித்திரத்தைக் ‘கார்ட்டூன்’ என்று சொல்லுவதும் அவ்விதழ் செய்த ஒரு சொல்விளையாட்டின் விளைவே. கார்ட்டூன் என்பது, சுவர் ஓவியம் தீட்டுமுன் தடித்த தாளில் வரையும் முன்மாதிரிப் படத்துக்குப் பெயர். 1843-இல் பாராளுமன்றக் கட்டடத்துக்காக வரைந்த அத்தகைய மாதிரிகளைப் பெருஞ்சிறப்போடு கண்காட்சி வைத்தார்கள். மக்கள் பசியால் வாடும்போது இந்த ஆடம்பரம் எதற்கு என்று இடித்துரைக்கும் நோக்கத்தோடு, கந்தல் உடுத்த ஏழைகள் அக்காட்சியைப் பார்த்து நிற்பதாக ஜான் லீச் என்பவர் ஒரு படம் வரைந்தார். ‘இதோ எங்கள் கார்ட்டூன்’ என்று பஞ்ச் அதை வெளியிட்டது. கிண்டலாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

அந்நாளில் ஆங்கில நடுத்தர மக்களின் நாணம் மிகுந்திருந்தது. கில்ரே வரைந்ததைப் போன்ற படத்தைக் குடும்பத்தார் கூடிப் படிக்கும் பத்திரிகையில் வெளியிட முடியாது. ஆனால் அப்போதுதான் கழிவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டிய நிலை வந்தது. நீர்க்கழிப்பறைகள் பெருகப் பெருக, வீட்டுக் குழிகளில் தேங்கிய கழிவு சாக்கடை வழியே தேம்சு ஆற்றை அடைந்தது. அந்த ஆற்று நீரையே நகர மக்களில் பலர் குடித்தார்கள். 1853, 1854-ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி லண்டனில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஹாரிங்டன் வீட்டைத் தூய்மைப்படுத்தக் கண்ட கருவி, வழிவகையின்றிப் பரவியதால் ஆற்றை அசுத்தப்படுத்தியது.

1855-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விஞ்ஞானி மைக்கேல் பாரடே நீராவிப் படகில் ஆற்றின் மீது சென்றார். வெள்ளை அட்டைகளைக் கிழித்து நனைத்து நீரில் போட்டுப் பார்த்தார். அங்குல ஆழம் இறங்குமுன் அவை கண்ணுக்கு மறைந்தன. அவ்வளவு கலங்கல்! அதை ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். உடனே பஞ்ச் ஒரு கார்ட்டூன் வெளியிட்டது. சேறும் செத்த பிராணிகளும் சூழ, அழுக்கே உருவான கிழவராகத் தேம்சு ஆறு எழுந்து நிற்கிறது. பாரடே ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அட்டையை நீட்டுகிறார். ‘பாரடே தேம்சுத் தந்தைக்குத் தம் அட்டையைக் கொடுக்கிறார்’ என்பது தலைப்பு. கனவான்கள் ஒருவரை முதன்முதலாகக் காணச் செல்லும்போது தம் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுப்பது அக்கால மரியாதை. ஒரே அட்டை, ஆய்வுக்கருவியும் ஆயிற்று. மரியாதைச் சீட்டும் ஆயிற்று. மலம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் படத்தைக் கண்டவர் எவருக்கும் நாற்றம் எதனுடையது என்பதில் ஐயம் இல்லை.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினரால் உட்கார முடியவில்லை. ஜூலை 10-ஆம் நாள் பஞ்ச் மற்றொரு படம் வெளியிட்டது. தேம்சு ஆற்றை ‘மௌனப் பெருவழி’ என்று சிறப்பித்துச் சொல்லுவது வழக்கம். வழிப்பறிக் கொள்ளைக்காரனை ஆங்கிலத்தில் ‘பெருவழி மனிதன்’ என்பார்கள். பஞ்ச் இவ்விரண்டையும் இணைத்து ‘மௌனப் பெருவழி மனிதன்’ என்று தலைப்பிட்டது. இரவில், கழிவு மிதக்கும் ஆற்றில், எலும்புக்கூடாகிய மரணம் படகு வலித்துச் செல்கிறது. பணமா உயிரா என்று வழிப்பறிக்காரன் கேட்கும் கேள்வியை அது லண்டன் மக்களிடம் கேட்கிறது. சாக்கடைக்குப் பணம் தருகிறீர்களா, அன்றி உயிரைத் தருகிறீர்களா என்பது அதன் உட்பொருள். இங்கே சிலேடை சிரிப்பின் எல்லையைக் கடந்து அச்சத்தைத் தொட்டுவிட்டது.

அடுத்த சில வாரங்களுக்குள் பாதாளச் சாக்கடைக்கான சட்டம் பதினெட்டே நாளில் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட், 82 மைல் நீளத்துக்குச் செங்கற் கால்வாய்கள் அமைத்துக் கழிவை நகரத்துக்கு அப்பால் கொண்டுசென்றார். 1866-இல் வாந்திபேதி மீண்டும் தாக்கியபோது, அவ்வேலை முடியாதிருந்த கிழக்கு லண்டனிலேதான் பெருஞ்சேதம் விளைந்தது. கார்ட்டூனால் சாக்கடை வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பாராளுமன்றத்தை அசைத்தது நாற்றமே. நாற்றமே நோய்க்குக் காரணம் என்ற அக்காலத்துத் தவறான எண்ணமும் அதற்கு உதவிற்று. ஆனால் நாணத்தால் வாய்மூடியிருந்த ஒரு சமுதாயத்துக்கு, நாணம் கெடாமலே அப்பொருளைப் பேச ஒரு மொழி வேண்டியிருந்தது. அம்மொழியைச் சிலேடை தந்தது.

மாணவ நண்பர்களே, கழிப்பறைச் சிரிப்பை அற்பமென்று ஒதுக்குவது எளிது. அவற்றுள் பெரும்பாலானவை அற்பமானவையே என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் வரலாறு பயில்வோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு காலத்து மக்கள் எதை நேராகச் சொல்ல அஞ்சினார்கள் என்பதை அவர்களுடைய சட்டங்களிலும் சொற்பொழிவுகளிலும் காண்பது அரிது. அவர்கள் எதைச் சிலேடையில் சொல்லிச் சிரித்தார்கள் என்று தேடினால் அது அங்கே இருக்கும். அரசன் மீது கொண்ட சினமும், ஆற்று நீரைப் பற்றிய அச்சமும் அவ்வாறே மறைந்து கிடந்தன. பழைய கேலிச்சித்திரம் ஒன்றைக் காணும்போது முதலில் மனங்குளிரச் சிரியுங்கள். பிறகு, அதன் திரைக்குப் பின்னே நின்றது எது என்று கேளுங்கள்.